நிற்க மறுத்த பிரேக் பண்டிதர்

பிரேக் பண்டிதர் என்றொரு இனம் ஜெர்மனியில் எங்கள் ஐஃபல் மலைப்பக்கம் பெருகிக் கிடக்கிறது. கார் பந்தயப் பாதை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கேட்க வேண்டுமா? வாரம் முழுவதும் பல் டாக்டராகவும் வரி ஆலோசகராகவும் அடக்க ஒடுக்கமாக நடமாடுகிறவர்கள், சனிக்கிழமை விடிந்ததும் கராஜைத் திறந்து, காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் தலையை விட்டுவிடுவார்கள். அதன்பிறகு அவர்களுடன் ஏதாவது பேச வேண்டுமென்றால் பின்புறத்தோடுதான் பேசியாக வேண்டும்.

நீங்களும் நானும் பிரேக் பேட் தேய்ந்துபோனால் என்ன செய்வோம்? ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, பில்லைப் பார்த்து வயிறெரிந்துவிட்டு, வீடு வந்து சேருவோம். பண்டிதர் அப்படிச் செய்வாரா? நல்ல கதை! மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார். எந்தக் கலவை, எத்தனை சூட்டில் பிடிக்கும், எத்தனை சூட்டில் கைவிடும், தூசி கறுப்பா சாம்பலா, கத்துமா முனகுமா என்று இணையத்தில் முகம் தெரியாத நானூறு பேருடன் சண்டை போட்டு, கடைசியில் எல்லோரும் வேண்டாம் என்று சொன்னதையே வாங்குவார்.

என் பக்கத்து வீட்டு ஹார்ட்விக் இந்த இனத்தின் தலைமகன். தொழில் பல் வைத்தியம். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே கருவியை வைத்துவிட்டுத்தான் பேட் பற்றிய பேச்சை ஆரம்பிப்பார். வாயைத் திறந்து வைத்திருப்பவன் மறுத்துப் பேச முடியாதல்லவா? இரண்டு கதவும், பின்னால் பெயருக்கு ஒரு சீட்டும் உள்ள மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் அவருடையது. இந்தத் தடவை வாங்கியது பந்தயக்காரர்கள் போடும் பேட். அது வந்து சேர்ந்த நாள் முதல் பிரித்த பெட்டியோடு சாப்பாட்டு மேஜையிலேயே குடியிருந்தது.

"எல்கே, எழுநூறு டிகிரியிலகூட இது அசராது, தெரியுமா?"

"நாம எங்க போறோம், எரிமலைக்கா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"பேச்சுக்குத்தான் மேஜை நடுவுல உக்காந்திருக்கா? வெண்ணெய்க் கிண்ணத்தை என் தலையிலயா வச்சுக்கறது?"

எல்கே அவர் மனைவி. நல்ல மாதிரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பக்கத்து ஊர் தேவாலயப் பாடகர் குழுவில் பதினைந்து வருஷமாக இரண்டாவது வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தவளுக்கு, இந்த அறுவடை நன்றித் திருநாளில்தான் முதன்முதலாகத் தனிப்பாட்டு கிடைத்திருந்தது. கோடை முழுக்கப் பயிற்சி. துணி காயப் போடும்போதும் பாட்டு, உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் பாட்டு. நானும் அதே குழுவில் அடிக்குரலில் உறுமுகிறவன் என்பதால், அந்த ஒரு பாட்டுக்காக அவள் எப்படித் தவித்துக் கிடந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பேட் மாற்றும் வைபவம் நடந்தது. டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். பிஸ்டனைப் பின்னால் தள்ளுவது, துருவைச் சுரண்டுவது, பேட்டின் முதுகில் பசையை மெல்லிசாகத் தடவுவது, தடவியதைத் துடைத்துவிட்டு இன்னும் மெல்லிசாகத் தடவுவது... வாய்க்குள் சிமெண்ட் வைக்கும்போதுகூட அவருக்கு இத்தனை பயபக்தி வந்து நான் பார்த்ததில்லை. முறுக்குச் சாவியால் நட்டை இறுக்கும்போது உள்ளே 'டிக்' என்றது.

"யோஸ்ட், கேட்டியா?"

"கேட்டேன்."

"அதான்யா சரியான இறுக்கம்! இந்தச் சத்தத்துக்கு ஈடா உலகத்துல ஒரு சங்கீதம் உண்டா, சொல்லு?"

ஜன்னலுக்குள்ளே எல்கே பாடிக்கொண்டிருந்தாள்.

மாட்டியதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் தவறு. புதுப் பேட்டை, அது கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க்கோடு பழக்க வேண்டுமாம். வேகமாகப் போய் அழுத்தி, நிற்காமல் மறுபடி வேகமெடுத்து மறுபடி அழுத்தி, இப்படிப் பல தடவை செய்து பழுக்கக் காய்ச்சியபின், ஆறும்வரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டோடு நிறுத்தினால் பேட் டிஸ்க்கில் ஒட்டித் தடம் விழுந்துவிடும். விழுந்தால் என்ன? பிரேக் போடும்போது ஸ்டியரிங் கொஞ்சம் நடுங்கும். அதுவும் விழுந்தால்தான். பண்டிதருக்கு அது தலைமுறைக்கும் போகாத களங்கம்.

எல்கேயின் சொந்த வண்டி ரிப்பேருக்குப் போயிருந்ததால், மறுநாள் திருநாள் காலை மூன்று பேரும் மஞ்சள் காரில் தேவாலயத்துக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் என்னை மடித்து வைத்திருந்தார்கள்.

"வழியிலயே பேட்டைப் பழக்கிடலாம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா," என்றார் ஹார்ட்விக்.

"என்னை நேரத்துக்குக் கொண்டுபோய் விடு, அது போதும்."

ஊர் தாண்டியதும் ஆரம்பித்தார். சீறினார், அழுத்தினார். சீறினார், அழுத்தினார். என் தலை முன்சீட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் ஊசலாடியது. எதிரே வந்த டிராக்டர்க்காரர் பயந்து வயலுக்குள் ஒதுங்கிவிட்டார். தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"ஆகா, வாசனை பாருங்க!" என்றார் பண்டிதர்.

"வாந்தி வருது," என்றாள் எல்கே.

தேவாலயம் வந்தது. வாசலில் பூசணிக்காயும் கதிர்க்கட்டும் அடுக்கியிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டிருந்தது. கார் நிற்கவில்லை.

"ஹார்ட்விக், நிறுத்து."

"இப்ப நிக்கக்கூடாது எல்கே. நெருப்பா கொதிக்குது. தடம் விழுந்துரும்!"

"என் பாட்டு ஆரம்பிக்கப் போகுது!"

"ரெண்டே சுத்து. ஆறிடும்."

ஊரிலேயே உயர்ந்த பிரேக் அந்தக் காரில்தான் இருந்தது. அதை அவர் மிதிக்க மாட்டேன் என்கிறார்! தேவாலயத்தைச் சுற்றி வந்தோம். கோயில் பணியாளர் இடம் தேடுகிறோம் என்று நினைத்து, காலியான மைதானத்தைக் காட்டி, "இதோ இடம், இதோ இடம்," என்று கையை ஆட்டினார். ஹார்ட்விக் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அவரைக் கடந்து போனார்.

மேடான இடத்தில் கார் தானாகவே நடைவேகத்துக்கு இறங்கியபோது, எல்கே கதவைத் திறந்து, பாட்டுத்தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். தடுமாறி, சமாளித்து, ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடிய கதவை ஹார்ட்விக் எட்டி இழுத்துச் சாத்தினார். பின்சீட்டுக்குத் தனிக் கதவு ஏது? நான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த சுற்றில் தேவாலயத்தைக் கடந்தபோது அவள் குரல் தொடங்கியது. அடடா, அந்தக் குரல்! நாலு சொல் கேட்டதும் ஆலயத்தின் பின்சுவர் வந்து மறைத்துவிட்டது. அதற்கடுத்த சுற்றில் நடுவிலிருந்து ஒரு வரி கிடைத்தது. பாழாய்ப்போன ஆத்திரம் எனக்கு.

"யோவ், உன் பொண்டாட்டி பாடுறாய்யா! நிறுத்தித் தொலை!"

"கொஞ்சம் பொறு. இன்னும் சூடு இருக்கு."

மறுபடி வந்தபோது 'ஆமென்' மட்டும் கேட்டது.

கார் ஆறி நின்றபோது ஆராதனையே முடிந்திருந்தது. ஜனங்கள் வெளியே வந்து எல்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் சிவந்து, சின்னப் பெண் மாதிரி பூரித்துப்போய் அவள் எங்களை நோக்கி வந்தாள். கோபத்தைக்கூட மறந்துவிட்டாள் பாவம்.

"எப்படி இருந்துச்சு ஹார்ட்விக்?"

அவர் முன்சக்கரத்தருகே மண்டியிட்டு, செல்போன் விளக்கை உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் இரு," என்றார்.

அவள் இருக்கவில்லை. பாடகர் குழுவின் ஃபோல்க்மார் தன் பழைய வேனில் போய்க்கொண்டிருந்தார். எல்கே கையைக் காட்டினாள். தேய்ந்த பிரேக் கழுத்தறுபட்ட கோழியாகக் கத்த, வேன் உடனே நின்றது. ஏறிப் போய்விட்டாள்.

இந்த இனத்தோடு நமக்கென்ன சம்பந்தம், நம்மிடம் காரே இல்லையே என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: எல்கே முழுப்பாட்டையும் எப்படிப் பாடி முடித்தாள் என்று கேட்க உங்களுக்குத் தோன்றியதா? இல்லை, டிஸ்க்கில் தடம் விழுந்ததா என்பதுதான் மனதில் முதலில் வந்து நின்றதா?

விழவில்லை. திருப்திதானே? சரி, வீட்டுக்குள்ளேயிருந்து உங்களை யாரோ ரொம்ப நேரமாகக் கூப்பிடுகிறார்கள், போய் என்னவென்று கேளுங்கள்.