மேட்டுப்பாளையத்துக்குப் பூக் கேட்ட கதை

கல்லூரியில் சேரத் தேவையான எல்லாவற்றையும் கலைமணி தயார் செய்து வைத்திருந்தாள், பெரியப்பாவைத் தவிர.

பத்தாம் வகுப்பிலேயே நீல நிற ஃபைல் ஒன்று வாங்கியவள் அவள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என எல்லாவற்றிலும் மும்மூன்று நகல் அதில் இருந்தது. கடந்த மூன்று வருடக் கட்ஆஃப் மதிப்பெண்களைத் தனி நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மேட்டுப்பாளையத்தில் வனவியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மதிப்பெண்ணும் தாராளமாகப் போதும். கல்லூரி விருப்பப் பட்டியலை இணையத்தில் பதிந்து பூட்ட இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. விட்டால் இன்னொரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மிளகு காயவைக்க வேண்டியதுதான்.

பெரியப்பா குப்புசாமி காலையிலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்கண்ணு, காட்டுலயே பொறந்துட்டு, காட்டப் படிக்க மேட்டுப்பாளையம் போகோணுமா?"

அப்பா வேல்முருகன் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அண்ணன் சொல்லாமல் கன்றுக்குட்டிகூடக் கைமாறாது. அண்ணனோ வசமாக மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருடம் முன்பு பக்கத்துத் தெரு அர்த்தனாரி தன் மகளைச் சென்னைக்குப் படிக்க அனுப்பியபோது, "எங்கூட்டுப் புள்ள ஒண்ணும் மலை எறங்கிப் படிக்கப் போகாது" என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர் அவர். அன்றிலிருந்து அர்த்தனாரியோடு பேச்சு கிடையாது.

"தபால்லயே படிக்கறாங்களாமே, ஊட்டுல இருந்துக்கிட்டே" என்றார் பெரியப்பா.

கலைமணி இதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

"தபால்ல மரத்த அனுப்ப முடியாதுங்களே பெரீப்பா. ஒரு மரம் ஏன் ஒரு எடத்துல வளருது, இன்னொரு எடத்துல வளர மாட்டேங்குதுன்னு அங்க சொல்லித் தருவாங்க."

"அது எனக்கே தெரியுமே."

"ஏனுங்க வளர மாட்டேங்குது?"

"ஏன்னு தெரியாது. வளராதுன்னு தெரியும்."

பெரியப்பா மேற்கே கையை நீட்டினார். "நம்ம மேக்கால காட்டுல மிளகுக் கொடி வரிசையா பட்டுப்போச்சே. அதுக்கும் காரணஞ் சொல்லுவாங்களா?"

ஆள் இறங்கி வருகிறார் என்று நினைத்து கலைமணி உற்சாகமாகிவிட்டாள். "சொல்லுவாங்க. ஆனா மொதல் வருசமே இல்லீங்க. நாலு வருசம் படிச்சு, மேல ரெண்டு வருசம் படிச்சு, அப்புறம் மூணு வருசம் ஆராய்ச்சி பண்ணினா இன்னும் நல்லாவே தெரிஞ்சுக்கலாம்."

"ஒம்பது வருசமா? இன்னிக்கு வெக்கற பலாவே அதுக்குள்ள காச்சிருமே."

கலைமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

சமாளிக்க ஹேமலதா டீச்சரைப் பிடித்தாள். சேந்தமங்கலத்திலிருந்து தினமும் மலையேறி வந்து பாடம் நடத்துகிறவர். அவர் சொன்னால் பெரியப்பா மறுக்க மாட்டார். தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் பெரியப்பாவை அங்கே ஏற்றி, ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தாள்.

"கவலையே படாதீங்க" என்றார் டீச்சர். "படிச்சு முடிச்சு பரீட்சை எழுதினா கலைமணி ரேஞ்சரே ஆகலாம்."

பெரியப்பாவின் முகம் சுருங்கியது. போன வருடம் கேட்காமல் இரண்டு மரத்தை வெட்டியதற்கு ஒரு ரேஞ்சர் அவரை அரைநாள் வெயிலில் நிற்க வைத்திருந்தார்.

"ஏனுங்க டீச்சர், ரேஞ்சர் ஆச்சுன்னா, பெரியப்பன்னு பாத்து வுட்ருமா? இல்ல எம்மேலயே கேஸு போடுமா?"

டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர். "சட்டப்படி போடத்தானுங்க வேணும்."

மேட்டிலிருந்து இறங்கும் வழியெல்லாம் கேள்விகள்தான். விடுதியில் களி போடுவார்களா? அங்கே குளிர் உண்டா? இல்லை, வெயில்தான் என்றால், "அப்பப் புள்ளைக்கு ஒத்துக்காதே." அறையில் எத்தனை பேர்? கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்குமா? எந்தப் பதிலும் அவருக்குப் பிடித்த மாதிரித் தெரியவில்லை. மனுஷன் வேண்டுமென்றே குற்றம் தேடுகிறார் என்று கலைமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டு வாசலில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு மணிக்கு மாரியம்மங்கிட்டப் பூக் கேட்டுரலாம். வெள்ளை வந்தாப் போகட்டும். செவப்பு வந்தாத் தபால். வேல்முருகா, என்ன சொல்ற?"

"அண்ணஞ் சொன்னாச் செரிங்க" என்றார் அப்பா. அதைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் திறந்தது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

பூக் கேட்பது பெரிய வித்தை இல்லை. ஒரு இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி அம்மன் முன் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்கும்; பிரித்தால் வருகிற பூதான் உத்தரவு. இரண்டு வருட உழைப்பு, நீல ஃபைல், கட்ஆஃப் நோட்டு எல்லாம் சேர்ந்து கடைசியில் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வந்து நின்றதைக் கலைமணியால் தாங்க முடியவில்லை.

கொல்லையில் இரண்டு இலை கிள்ளினாள். ஒன்றின் நுனியை நகத்தால் லேசாகக் கிழித்தாள். கோயிலுக்கு ஓடினாள்.

பூசாரி சின்னுசாமி அரளி பறித்துக்கொண்டிருந்தார்.

"பூசாரிங்க, இந்தக் கிழிஞ்ச எலையில வெள்ளைய வெச்சுருங்க. எடுக்கற புள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

பூசாரி இலைகளை வாங்கிப் பார்த்தார். இருமினார்.

"சாமி காரியத்துல இப்பிடி அடையாளமெல்லாம் வெக்கப்படாது கண்ணு. போயி மூஞ்சி கழுவிட்டு வா."

அவ்வளவுதான், இருந்த ஒரு வழியும் அடைபட்டது.

இரண்டு மணிக்குப் பாதி ஊர் கூடிவிட்டது. அர்த்தனாரியும் ஓரமாக வந்து நின்றார். எப்படியோ ஊருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. பூசாரி பொட்டலங்களை வைத்துவிட்டு, எடுப்பதற்கு ஒரு குழந்தையைக் கூப்பிட்டார். பெரியப்பா தடுத்தார்.

"கொழந்தைக்கு என்ன தெரியும்? நானே எடுக்கறேன். எல்லாரும் பாத்துக்கோங்க, இது நாஞ் சொல்றதில்ல, சாமி சொல்றது."

பெற்ற அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பெரியப்பா தன் கையாலேயே கலைமணியின் வாழ்க்கையை மூடப் போகிறார். அந்த நிமிடம் அவரை அவள் மனதார வெறுத்தாள்.

பெரியப்பா கண்ணை மூடி, கும்பிட்டு, இடதுபக்கப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பெரியப்பா வேப்பங்கொழுந்தை மென்றவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, மற்றப் பொட்டலத்தை இடுப்பில் செருகினார்.

"சாமியே சொல்லிருச்சு. நான் என்ன பண்ண முடியும்?" என்று அர்த்தனாரி பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு கலைமணியிடம் எரிந்து விழுந்தார். "மணி ஓடுது, நின்னுக்கிட்டிருக்கியே. போயி பஸ்ஸப் புடி."

அப்பாவோடு செம்மேட்டுக்குப் போனாள். அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டர் கடையில் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பதுக்கு ஒருவழியாகப் பட்டியல் பூட்டிக்கொண்டது. கலைமணி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவும் அழுதார், அண்ணனைக் கேட்காமலேயே.

திரும்பி வந்ததும் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றப் போனாள். எதையும் ஏன் என்று கேட்காமல் விட அவளால் முடியாது.

"பூசாரிங்க, ரெண்டுல ஒண்ணுன்னாப் பாதிக்குப் பாதிதானுங்க வாய்ப்பு. அதெப்பிடிங்க செரியா வெள்ளையே வந்துச்சு?"

பூசாரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"'ஊரு முன்னால நானாச் செரின்னு சொல்ல முடியாது பூசாரி, ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுரு'ன்னு மத்தியானமே உங்க பெரீப்பன் வந்து எங்கையப் புடிச்சுக் கெஞ்சிட்டுப் போனாரு கண்ணு."