ஆக்டிங் மனேஜர்

ஆண் பெண் சமத்துவம் அச்சுவேலியில்தான் பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, கதிரொளி நெல்லிக்காய்ரச உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராகிய நான், மகளிர் தினத்துக்குக் குறும்படம் எடுப்பதென்று தீர்மானம் நிறைவேற்றினேன். எங்களை மேற்பார்வை செய்யும் அரசாங்கத் திணைக்களம் கேட்டது உண்மைதான். ஆனாலும் மனமாரச் செய்தோம்.

படக்குழுவில் ஏழு பேர், சங்கத்தின் நிர்வாகக் குழுவேதான். எழுவரும் ஆண்கள். பெண்களுக்கு வீண் சிரமம் தரக்கூடாதல்லவா? கூட்டத்துக்குத் தேநீர் மட்டும் அவர்கள் கொண்டுவந்தார்கள்.

கதை என்னுடையது. திறமையான பெண்ணொருத்திக்குப் பெருந்தன்மையான தலைவர் ஒருவர் முகாமையாளர் நியமனக் கடிதம் வழங்குகிறார். பெருந்தன்மைக்கு வெளியே ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

பெண் பாத்திரத்துக்கு உதயகலாவைத் தெரிவு செய்தோம். பழைய முகாமையாளர் கனடா போனதிலிருந்து நான்கு வருடமாக அந்த வேலையைப் பார்ப்பவர் அவர்தான். பதவி ‘ஆக்டிங் மனேஜர்’. நிரந்தரமாக்கும்படி ஆறு தடவை எழுதிக் கேட்டார். ஆறு தடவையும் ‘ஆழமாகப் பரிசீலித்தோம்’. கலியாணம் முடித்துப் போய்விட்டால் சங்கம் என்னாவது என்று உபதலைவர் தம்பிஐயா கவலைப்பட்டார். உதயகலாவின் மூத்த மகள் இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள்.

“ஆக்டிங் எண்டா அவவுக்குப் பழக்கம்தானே” என்றார் தம்பிஐயா. எல்லோரும் சிரித்தோம். உதயகலா சிரிக்கவில்லை. நடிக்க மட்டும் சம்மதித்தார்.

மானிப்பாயில் கலியாண வீடியோ எடுக்கும் டினேஸ் கமெராவுடன் வந்தார். கடிதத்தைக் கிட்டத்தில் காட்டவேண்டும், அசல்போல் இருக்கவேண்டும் என்றார். சங்கத்துக் கடிதங்களைத் தட்டச்சு செய்வது உதயகலாதான். இதையும் அவரே செய்தார், தன் பெயருக்கே. நான் என் உண்மைக் கையெழுத்தையே போட்டு முத்திரையும் குத்தினேன். கடிதத்தை வாங்கும்போது அவருடைய கண் கலங்கியது. என்ன நடிப்பு என்று வியந்தேன்.

மறுநாள் அந்தக் கடிதத்தை உதயகலா திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டார். பிரதி என் மேசையில் இருந்தது. உதயகலாவை அழைத்தேன்.

“பிள்ளை, அது நடிப்பெல்லே?”

“ஓம் ஐயா. நீங்கள் நடிச்சனீங்கள். நான் நடிக்கேல்லை. நாலு வருசமாச் செய்யிற வேலையைத்தான் செய்தனான்.”

குரல் உயரவே இல்லை. கடிதத்தைத் திரும்பப் பெறச் சொன்னேன். வீடியோவின் பிரதியும் தன்னிடம் இருப்பதாக மரியாதையோடு தெரிவித்தார்.

அவசரக் கூட்டம் கூடி, நியமனம் செல்லாது என்று ஏழு பேரும் முடிவெடுத்தோம். அதைத் திணைக்களத்துக்கு எழுதத்தான் எங்களில் ஒருவருக்கும் தட்டச்சுத் தெரியவில்லை. தம்பிஐயா ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் திணைக்களத்தின் பதில் வந்தது. கையெழுத்து அசல், முத்திரை அசல், நியமனம் செல்லும். எங்கள் ‘முற்போக்குச் சிந்தனைக்கு’ விசேட பாராட்டும் இருந்தது.

உதயகலா இப்போது முகாமையாளர். படத்துக்கும் மாவட்ட விழாவில் விருது கிடைத்தது. சிறந்த நடிகர், நான். பெண்களைச் சமமாக மதிக்கும் தலைவராக, பார்த்தவர்கள் நம்பும்படி நடித்தமைக்காகவாம். என் பெயரைப் பரிந்துரைத்தவர்கள் எங்கள் சங்கத்துப் பெண் ஊழியர்கள். ஏகமனதாக.