கணேசன் சாரின் வலது கை

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஐந்து ஐம்பதுக்குக் காபி, ஆறு பத்துக்குச் சவரம், ஏழு மணிக்கு நான்கு இட்லி. அன்று ஒரு மனிதரை நடுநடுங்க வைக்கப் போகிறேன் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேசும் திறன், பழகும் திறன் எல்லாம் சொல்லித்தருவது என் வேலை. (சாஃப்ட் ஸ்கில்ஸ் என்றால்தான் சம்பளம் போடுகிறவர்களுக்குப் புரியும்.) நன்றாகப் பேசுகிறவர்களுக்குத்தான் தொழில் தொடங்கும் ஆசை வரும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். வகுப்பில் பதினெட்டுப் பேரையும் கேட்டேன். முழு மதிப்பெண் வாங்கியவர்கள் அத்தனை பேரும் வேலைக்குப் போகிறார்களாம். தொழில் செய்யப்போவதாகச் சொன்னவள் செல்வி ஒருத்திதான். என் பட்டியலில் கடைசிப் பெயர். அவள் குரலை நான் இருமலாகத்தான் கேட்டிருக்கிறேன்.

இறால் பொடி அரைத்து விற்பது அவள் திட்டம். திருக்கழுக்குன்றத்தில் வேன் ஓட்டும் அவள் அப்பா என்னிடம் வந்தார்.

"பொண்ணு வூட்டு முன்ரூமைக் கேக்குது சார். நான் வாடகைக்கு வுடலாம்னு கீறேன். இவளால முடியும்னு நீங்க சொன்னா சாவியக் குடுத்துர்றேன்."

"சனிக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக்கு வாங்க. சோதிச்சுப் பார்த்துடலாம்" என்றேன்.

பத்தேகாலுக்கு வகுப்பு முழுவதும், செல்வியின் அப்பாவும் மணலில். முதலில் நான் செய்துகாட்ட வேண்டும் அல்லவா? காற்று வாங்க வந்த பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். (பிடித்தேன் என்பதை அப்படியே படிக்கவும்.) பெயர் கேட்டேன். கணேசன், கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் பாடத்தின்படி அவர் வலது கையைக் குலுக்கினேன், விடவில்லை. கண்ணுக்குள் பார்த்தேன், இமைக்கவில்லை. "கணேசன் சார்" என்று மூன்று முறை சொன்னேன். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தலையசைக்க வேண்டும் என்பதும் என் பாடமே. பதினெட்டுப் பேரும் அவரைச் சுற்றி நின்று தலையசைத்தார்கள்.

பெரியவருக்கு வியர்த்து ஊற்றியது. இடது கையால் செல்போனை எடுத்து நீட்டினார்.

"இத்த எடுத்துக்கப்பா. என்னை வுட்டுடு."

உறைந்துபோனேன். கையும் சேர்ந்து உறைந்துவிட்டது.

"சார், மொதல்ல கைய வுடுங்க." யார் குரல் இது? செல்வி! பெரியவரிடம் திரும்பினாள். "பயப்படாதீங்க ஐயா. இவரு எங்க வாத்தியாரு, ஒண்ணும் பண்ண மாட்டாரு. ஒக்காந்து தண்ணி குடிங்க."

அவள் அப்பாவுக்கு முகம் வெளுத்திருந்தது. "இதான் வியாபாரமா சார்? எம் பொண்ணுக்கு வாணாம்."

"இது சாரோட வியாபாரம் நைனா. நான் பொடிதான் விக்கப்போறேன். சாவியக் குடு."

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேன் சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி அவள் கையில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இன்றும் எச்சரிக்கிறாள்: "இவர்கிட்ட கையக் குடுத்துடாதீங்க, திரும்பி வராது."

மறுநாள் ஞாயிறு. காபிக்கும் முன்னால், முதல் வேலையாகத் திருக்கழுக்குன்றத்துக்கு வண்டியை விட்டேன். நல்ல வார்த்தை நான்கு சொல்லி, முதல் பாக்கெட்டை நானே வாங்குவதாக எண்ணம். ஆறு ஐம்பதுக்கு முன்ரூம் கதவைத் தட்டினேன். செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் அரைக்கல சார். பத்து மணிக்கு வாங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று மணி பத்து நிமிடம் வெளியே நின்றேன்.