பள்ளத்துப் பக்கத்துக் கால்கள்

ஒத்தக்கடை
12-11-1981

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தவசி அவர்களுக்கு வெள்ளைத்துரை எழுதுவது. இங்கே நானும் கிணறும் சௌக்கியம். வேறு யார் சௌக்கியத்தையும் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. சேலத்தில் நீங்களும் தங்கை சின்னத்தாயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

போன சித்திரையில், என்னைத் தனியே விட்டுப்போன உங்கள் அக்காவின் காரியத்துக்கு வந்தபோது, கொல்லைச் சரிவில் என் நாற்காலி நிற்காமல் வழுக்குவதைப் பார்த்து, "நாலு கல்லுக்காலை நட்டு மேல பலகையப் போடுங்க மச்சான், அம்புட்டுத்தான் வேலை" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினீர்கள். ஊருக்கெல்லாம் பாலம் கட்டும் ஓவர்சியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் இறங்கினேன். சிமெண்டு பெர்மிட்டுக்கு அலைய முடியாமல் சுண்ணாம்பும் உடைந்த செங்கல்லும் வாங்கிப்போட்டு, கொத்தனார் கருப்புவைக் கூப்பிட்டேன். மேட்டுப் பக்கம் ஒரு முழம் தோண்டியதும் கடப்பாரை ணங்கென்றது. "அண்ணே, யானைமலை வேரு இங்கன வரைக்கும் வந்திருக்கு. காலை நட முடியாது, மேலயே உக்கார வச்சிருவோம்" என்றான். பள்ளத்துப் பக்கம் தோண்டினால் பெருச்சாளி வளை. மண் இறுகட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம், அத்தனையும் மாயம். கொஞ்ச நேரத்தில் கீழ் மனை சோலையம்மாள் ஓடிவந்து, "எங்க அடுப்படிக்குள்ள ஊத்து கிளம்பிருச்சுய்யா!" என்று பிடித்துக்கொண்டார். திட்டுத்தான் மாப்ள, ஆனாலும் இந்தக் கொல்லையில ஒரு பொம்பளைக் குரல் கேட்டு மாசக்கணக்காச்சு. முழுசையும் நின்னு கேட்டேன். அப்புறம் வளைக்குள் கல்லைப் போட்டு இடித்து, கால்களை நட்டு, டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, பலகை அடித்து முடித்தால், நான் ஏறுவதற்கு முன்பே எவர் வீட்டு வெள்ளாடுகளோ இரண்டு ஏறிப் படுத்துவிட்டன. விரட்ட மனசு வரலை.

நேத்து அடிச்ச மழையில பள்ளத்துக் கால் ரெண்டும் உள்ள இறங்கி, பலகை சரிஞ்சு, நானும் காபி டம்ளரும் ஒண்ணா உருண்டு முருங்கை மரத்தடியில கிடந்தோம். தூக்கிவிட ஆளில்லை. நானே எந்திரிச்சு, "அடி பட்டுச்சா"ன்னு நானே கேட்டுக்கிட்டேன். இடுப்பைத் திருப்ப முடியலை. உங்கள் யோசனையால் வந்த வினை இது. நீங்களே நேரில் வந்து பார்த்து ஒரு வழி சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் கண்ணேறு படாமல் வளர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
வெள்ளைத்துரை

பி.கு.: மேடை விழவில்லை. நேற்று மழையே இல்லை. இடுப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. நல்லாயிருக்குன்னு எழுதினா, 'மிக்க மகிழ்ச்சி'ன்னு ஒரு கார்டோட நிறுத்திருவீங்க மாப்ள. ஞாயித்துக்கிழமை கறி எடுக்கட்டுமா?