சொட்டக்கா லேபில் சூடு ஆகாது

ஏசி ரிமோட்டைச் சிலுவையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். எங்கள் சொட்டக்கா. ஒன்பதாவதோடு படிப்பை விட்ட நான், புதுச்சேரியில் ஒரு காலேஜ் லேபில் தரை துடைக்கிறேன். அக்கா அங்கே ஆராய்ச்சி செய்தாள்.

ஆராய்ச்சி என்றால் சொட்டுதான். ஒரு கண்ணாடிச் சில்லு. அதற்குள் தலைமுடி தடிமனில் வாய்க்கால். அதில் ஓடும் தண்ணீர், எண்ணெயைத் துண்டு துண்டாக நறுக்கும். கண்ணுக்கே தெரியாத சொட்டுகள், ஆனால் எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினால் போதும். எண்ணெய் இளகிவிடும், சொட்டு அளவு மாறிவிடும், அக்காவுக்குச் சாமி வந்துவிடும்.

"அல்லே! அல்லே!" என்று பிரெஞ்சில் விரட்டுவாள். டீ கிளாஸோடு வந்தவரை விரட்டினாள். காய்ச்சலோடு வந்த துறைத்தலைவரையே விரட்டினாள். "சார், இன்னிக்கு நீங்க ஒரு அடுப்பு. வெளிய நில்லுங்க." அரியாங்குப்பத்திலிருந்து வெயிலில் ஸ்கூட்டியில் வந்தால், தானே வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உடம்பு ஆறியபிறகுதான் உள்ளே வருவாள்.

ஒருநாள் வீட்டில் சண்டை. அழுதுகொண்டே தரை துடைத்தேன்.

"அழுவுறதுன்னா வெளிய போயி அழுவுடி. கண்ணீரும் சூடுதான்" என்றாள்.

ஆத்திரத்தோடு வேப்பமரத்தடிக்குப் போனேன். பின்னாலேயே வந்து, நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் அவளுக்கு மாரடைப்பு. போய்விட்டாள்.

அஞ்சலிக் கூட்டத்தை லேபிலேயே வைத்தார்கள். அக்கா பாதியில் விட்ட சோதனையை, அவளோடு வேலை பார்த்த பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். அது கெட்டால் அக்காவின் உழைப்பு அத்தனையும் வீண். மெஷின் பக்கத்தில் போட்டோ, தட்டு நிறைய மெழுகுவத்தி, ஊர்ப்பட்ட கூட்டம். துறைத்தலைவர் தீப்பெட்டியை எடுத்தார். நான் பிடுங்கிவிட்டேன்.

"ஏம்மா, செத்தவங்களுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தக் கூடாதா?"

"ஏத்துங்க சார். வராண்டாவுல ஏத்துங்க. உள்ள அக்காவோட சொட்டு ஓடுது."

"இதச் சொல்ல நீ யாரு?"

"தரை தொடைக்கிறவதான். அல்லே சார், அல்லே!"

வேலை போனாலும் போகட்டும் என்று மெஷினை மறித்துக் கையை விரித்து நின்றேன். முனகிக்கொண்டே எல்லோரும் வெளியேறினார்கள்.

"போட்டோவையும் எடுத்துரலாமா?" என்றார் துறைத்தலைவர், வாசலில் நின்றபடி.

"அது இருக்கட்டும் சார். அதுல சூடு இல்ல."

திரையில் சொட்டுகள் வரிசையாக வந்தன, எல்லாம் ஒன்றுபோல. ஓடிப்போய் வேப்பமரத்தடியில், இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்து அழுதேன்.