புகழேந்தி கன்னிமூலை அடைத்த காதை

வாழிய புகழேந்தி! வேங்கிக்கால் ஓட்டுவீட்டின் ஒருதனிக் கோவே, மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் முரட்டுக் கரத்தோனே, மனைவி வினோதினியின் ஒரு பார்வையன்றி வேறெதற்கும் அஞ்சாத அடலேறே, வாழிய! நின் சுத்தியல் வாழிய! அதன் ஆடுகின்ற தலையும் வாழிய!

இப்பெருவீரன் போர்க்கோலம் பூண்ட காரணம் கேளீர். பக்கத்து வீட்டு மூர்த்தி வானளாவ ஒரு மாடி எழுப்பி, புகழேந்தியின் கொல்லைக்கும் அண்ணாமலைக்கும் குறுக்கே நந்தி மாதிரி நிறுத்திவிட்டான். ஆண்டுதோறும் கொல்லையில் நின்றபடியே கார்த்திகைத் தீபம் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்ட குடும்பம், இவ்வாண்டு சிமென்ட் சுவரைத்தான் கும்பிட வேண்டும் என்றாயிற்று. "எங்க மாடிக்கு வாங்க சார், தாராளமா பாக்கலாம்" என்று மூர்த்தி அழைத்ததுதான் நம் வீரனை அதிகம் சுட்டது.

"அந்தாளு மாடியில என் கால் படாது! நம்ம கொல்லையிலருந்தே தீபம் பாக்கல, என் பேரு புகழேந்தி இல்ல!" என்று எண்டிசையும் நடுங்கச் சூளுரைத்தான். வினோதினி குழம்பு கொதிப்பதைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவ்வேளை, மரமேறுதலில் மந்திக்கும் மூத்தவளான மகள் கீதாஞ்சலி, கொல்லை வேம்பின் கவட்டில் நின்று, "அப்பா! இங்கருந்து மலை ஃபுல்லா தெரியுது!" என்று கூவினாள். மரவீடு அங்கேயே பிறந்தது.

படை திரண்டது. பழங்கட்டில் பலகைகள் தேர்த்தட்டாக, நைலான் கயிறு நாகபாசமாக, வினோதினி ஏணியின் காலை ஆதிசேடனெனத் தாங்கி நிற்க, கீதாஞ்சலி பவுடர் டப்பா என்னும் அம்பறாத்தூணியிலிருந்து ஆணி ஆணியாக எடுத்து நீட்ட, கட்டெறும்புச் சேனை லுங்கிக்குள் புகுந்து ஊடறுத்துத் தாக்கியபோதும் பின்வாங்காது, தன் கட்டைவிரலையே நசுக்கி விழுப்புண் பெற்றும் அலறாது (கொஞ்சம் அலறினான்), கோட்டையைக் கட்டி முடித்தான் கோமகன். அது கவட்டை முழுவதையும் விழுங்கிக்கொண்டது.

மரத்தின்மேல் ஆயினும் மனைநூல் பிழையாத மாண்பினன் அவன். வாசலைக் கிழக்கில் வைத்தான். தெற்கும் மேற்கும் கூடும் கன்னிமூலையில் துவாரமே ஆகாதென்று, இருப்பதிலேயே தடித்த பலகைகளால் அடைத்து, டப்பாவில் மிஞ்சிய ஆணிகளையெல்லாம் அதிலேயே இறக்கினான். "கன்னிமூலை ஸ்ட்ராங்கா இருந்தா வீடே ஸ்ட்ராங்!" என்று முழங்கினான். அதை யாரும் மறுக்கவில்லை.

தீபத்தன்று அந்தியில் மூவரும் ஏறி, முழங்கால் மடக்கி அமர்ந்தனர். வாசல்வழியே ஒரு கொய்யா மரமும் கரண்ட் கம்பமும் காட்சி தந்தன.

"மலை எங்கங்க?" என்றாள் வினோதினி.

புகழேந்தி பெருமிதத்தோடு திரும்பினான். மலை இருந்த திசையில் கன்னிமூலை நின்றது.

சுத்தியல் எழுந்தது. அறைந்தான், நெம்பினான், உதைத்தான். வேம்பு குலுங்கிற்று, காகங்கள் அலறிப் பறந்தன, பலகையோ இம்மியும் அசையவில்லை. தான் அடித்த ஆணியைத் தானே வெல்ல இயலாத அவலம் எந்த வீரனுக்கும் வரலாகாது! ஈற்றடியில் சுத்தியலின் தலை கழன்று பறந்து மூர்த்தியின் சுவரில் மோதி வீழ்ந்தது. கீதாஞ்சலியின் கண்களில் நீர் முட்டியது. அது கண்ட புகழேந்திக்கு, விரல் நசுங்கியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

மாடிச் சுவருக்குமேல் மூர்த்தியின் தலை தோன்றிற்று. "இன்னா சார் சத்தம்? பாப்பாவ கூட்டினு சீக்கிரம் வாங்க, ஏத்தப் போறாங்க!"

சூளுரை ஒருபுறம் இழுக்க, மகள் முகம் மறுபுறம் இழுக்க, மானமே கவசமாய்ப் பூண்ட மறக்குலத் திலகன், எறும்புப் படை வென்றோன், கன்னிமூலை காவலன், ஏணியில் கால் வைத்தான்.

"அப்பா, அப்போ இனிமே உன் பேரு இன்னா?" என்றாள் கீதாஞ்சலி.

மூர்த்தி வீட்டு மாடியிலிருந்து தீபம் நன்றாகத் தெரிந்தது.