இனாமுல் ஹசனின் எட்டரைக் கிலோ

"எட்டு கிலோ அறுநூறு!" என்று கத்திவிட்டு, பாண்டீஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மெதுவாச் சொல்லுங்க டீச்சர், கண்ணு பட்டுரும்!" என்றாள் அஜீஸா. சொன்னாளே தவிர, முகமெல்லாம் சிரிப்பு.

கண்டனூர் அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுச்சீட்டில் எழுதி, அந்தந்தத் தாயின் கையில் வைத்து மூடிவிட வேண்டும். ஆனால் அன்றைக்குப் பாண்டீஸ்வரியால் அடக்க முடியவில்லை. அஜீஸாவின் ஒன்றரை வயது மகன் இனாமுல் போன மாதம் எட்டு கிலோ முந்நூறுதான். இந்த மாதம் எட்டரையைத் தாண்டாவிட்டால் சிவகங்கை பெரியாஸ்பத்திரியில் பதினைந்து நாள் சேர்க்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் தேனம்மை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அஜீஸாவின் கணவனோ வெள்ளிக்கிழமை சவூதியின் தமாமிலிருந்து வருகிறான். அவனுக்கு லீவே பதினைந்து நாள்தான். மகனை அவன் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். பாண்டீஸ்வரி நேர்மையானவள், அதுதான் வினை. காலையில் வந்த அந்தத் தொங்கும் டிஜிட்டல் தராசின் அட்டைப் பெட்டிக்குள் கிடந்த தாளை எடுத்துப் படித்துத் தொலைத்தாள்.

'முதல் முறை பயன்படுத்தும் முன் ஐந்து கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, நீலப் பொத்தானை அழுத்திச் சரிசெய்யவும். சரிசெய்யாமல் எடுத்த எடை செல்லாது.'

"செல்லாதா? எம்புள்ள என்ன செல்லாத நோட்டா டீச்சர்?"

"செத்த பொறு. சரி பண்ணிட்டு இன்னொருக்க பாத்துருவோம்."

ஐந்து கிலோ கல்லுக்கு எங்கே போவது? எதிரே புளி வியாபாரம் செய்யும் முத்துராமன் கடைக்கு ஓடினாள். அவர் கல்லாவை விட்டு எழாமலே இரும்புக் கல் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். அதை மாட்டியதும் தராசு ஐந்து கிலோ முந்நூறு என்றது.

"பாத்தியா, தாறுமாறாக் காட்டுது. நல்லவேள படிச்சேன்," என்று பாண்டீஸ்வரி நீலப் பொத்தானை அழுத்தினாள். 'கீங்' என்று ஒரு சத்தம். சரியாக ஐந்து கிலோ. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இனாமுலை மறுபடி தராசுத் தொட்டிலில் வைத்தார்கள். எட்டு கிலோ நூறு.

அஜீஸா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழாத. ரெண்டு வாழப்பழத்த ஊட்டிவிடு, பாப்போம்."

பழத்தைத் தின்ற இனாமுல், தொட்டில் ஆடிய குஷியில் மூத்திரம் பெய்து தள்ளினான். துடைத்துவிட்டுப் பார்த்தால் எட்டு கிலோ.

அதற்குள் மற்ற தாய்மார்களும் வந்துவிட்டார்கள். மாரீஸ்வரியின் மகள் நித்யஸ்ரீ ஒரே மாதத்தில் அரைக் கிலோ குறைந்திருந்தாள். துண்டுச்சீட்டாவது, கண் படுவதாவது! தெருவுக்கே கேட்கும்படி எடையைச் சொல்லிச் சண்டைக்கு நின்றாள் மாரீஸ்வரி.

"எம்புள்ளைக்குப் போடுற சத்துமாவு எங்குட்டுப் போகுது டீச்சர்? நீங்க மட்டும் நல்லாத்தான இருக்கீக!"

பாண்டீஸ்வரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிரிக்காத பத்து கிலோ சத்துமாவு மூட்டையை இழுத்து வந்து மாட்டினாள். ஒன்பது கிலோ நானூறு.

"இந்தா, கண்டுபிடிச்சுட்டேன்! மூட்டையிலயே கொறையிது!" என்று சாக்கோட்டை ஆபீசுக்குப் போன் போட்டாள்.

மறுமுனையில் தேனம்மை கொதித்துப்போனார். "நாந்தான் எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போட்டு எறக்குனேன். அப்ப என்னயத் திருடிங்கிறீகளா? இருங்க, வாரேன்."

அரை மணி நேரத்தில் ஜீப் வந்து நின்றது. தேனம்மை இறங்கி நேராகத் தராசுக்குப் போனார். இரும்புக் கல்லைத் தன் கையாலேயே மாட்டினார். ஐந்து கிலோ. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. மாவு விசயத்த அப்பறம் பேசிக்கிறேன். அந்தப் பையன வைங்க."

எட்டு கிலோ. தேனம்மை பெருமூச்சுடன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"மேடம், அவுக ரெண்டு வருசங் கழிச்சு வாராக," என்று அஜீஸா தேம்பினாள். "ஆஸ்பத்திரி வராண்டாவுலயா எம்புள்ளயக் காட்டுவேன்?"

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? போன மாசத்தவிட எறங்கியிருக்கானே!"

'பாவி, அந்தத் தாளை நான் ஏன் படித்தேன்?' என்று பாண்டீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் முத்துராமனின் மனைவி நீலாயதாட்சி மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள். ஜீப்பையோ மேடத்தையோ அவள் கவனிக்கவே இல்லை. அவள் இடுப்பில் இன்னொரு இரும்புக் கல் இருந்தது.

"டீச்சர், புளி மூட்ட வந்து நிக்கிது, அந்தக் கல்ல மொதல்ல குடுங்க! இவுக ஒரு கூறுகெட்ட மனுசன், முந்நூறு கிராம் கூட இருக்குற வாங்குற கல்லத் தூக்கிக் குடுத்துட்டாக. இந்தாங்க, விக்கிற கல்லு, இத வச்சு நிறுத்துப் பாருங்க, புள்ளைக எல்லாம் கொழுகொழுன்னு இருக்கும்!"